வெள்ளம் வடிந்தபின் வரும் கடன்

(கமக்காரர், கடற்றொழிலாளர், சிறு வியாபாரிகள், உத்தியோகத்தர் ஆகியோர் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



புயலாலும் வெள்ளத்தாலும் முதலை இழந்த சிறு தொழிலாளிக்குச் சிறு கடன் எவ்வாறு உதவும் என்பதே இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். எவ்வாறு உதவும் என்று கேட்பவர் அது உதவும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டுவிடுகிறார். எதிர்க்கட்சிக்காரர் ஒப்புக்கொள்ளப்பட்டதாகச் சொல்லும் விடயத்தையே முதலில் ஐயுறுவது எங்கள் தொழிலின் வழக்கம். ஆகவே கடன் உதவுமா, எந்த நிபந்தனையில் உதவும், எப்போது குடியைக் கெடுக்கும் என்பதிலிருந்து தொடங்க அனுமதி கேட்கிறேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இத்தீவைக் கடந்தது. மலைநாட்டில் மண் சரிந்தது; தாழ்ந்த நிலங்களில் ஆறுகளும் குளங்களும் கரை மீறின. அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. உயிர்களின் எண்ணிக்கை பத்திரிகைகளில் வந்தது. ஆனால் நனைந்த சீனி மூட்டைகளையும், சேறு புகுந்த தையல் இயந்திரங்களையும், அடித்துச் செல்லப்பட்ட கோழிக் கூடுகளையும், கரைந்துபோன செங்கற் சூளைகளையும் எண்ணியவர் யார்? வீடு இடிந்தால் கிராம அலுவலர் வந்து பதிகிறார். வீட்டு முன்றிலில் இருந்த தட்டிக்கடை கிடந்த இடம் தெரியாமற் போனால் அதைப் பதிவதற்குப் படிவத்தில் நிரல் இருப்பது அரிது.

இது என் ஊகமன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கோளின் பின்னர், சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்தோபர் வுட்றப் என்னும் மூன்று பொருளியல் அறிஞர்கள் தென்மாகாணக் கரையையும் களுத்துறையையும் சேர்ந்த ஏறத்தாழ 600 சிறு தொழில்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். குடும்பங்களுக்குக் கிடைத்த நிவாரணம் வீட்டுப் பொருள் இழப்போடு ஓரளவு பொருந்தியிருந்தது; தொழிற்பொருள் இழப்போடு அதற்கு எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை என்பது அவர்கள் கண்ட முதல் உண்மை. பாதிக்கப்பட்ட தொழில்கள் மூன்று ஆண்டுகள் கழிந்தும், பாதிக்கப்படாத அயற்தொழில்களின் நிலையை எட்டவில்லை என்பது இரண்டாவது. வெள்ளம் வடிந்தால் வியாபாரம் தானே எழும் என்று கொழும்பில் இருந்து பேசுவோருக்கு இதைவிட வேறு மறுமொழி தேவையில்லை.

அந்த ஆராய்ச்சியில் வேறொன்றும் செய்தார்கள். சில தொழிலாளருக்குச் சீட்டுக் குலுக்கிப் பத்தாயிரம் அல்லது இருபதாயிரம் ரூபா கொடுத்தார்கள். திருப்பிக் கேட்காத காசு. பெற்றவர்கள் பெறாதவர்களிலும் விரைவாக எழுந்தார்கள். ஆனால் எல்லோரும் ஒரே அளவில் எழவில்லை. சில்லறைக் கடைக்காரருக்கே அக்காசு மிகுந்த பயனைத் தந்தது. பொருள் செய்து விற்போருக்கும் சேவைத் தொழில் செய்வோருக்கும் அத்துணை பயன் விளையவில்லை. காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கடைக்காரன் காசு கிடைத்த அன்றே நகரத்துக்குப் போய்ச் சரக்கெடுத்து மறுநாள் விற்கலாம். கயிறு திரிப்பவளுக்குக் காசு இருந்தும் தும்பு தருபவனின் ஆலை இடிந்து கிடந்தால் என்ன செய்வாள்? வாங்குபவன் அகதி முகாமில் இருந்தால் யாருக்கு விற்பாள்? முதல் திரும்பினாலும் அவளைச் சுற்றியிருந்த சந்தை திரும்பவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தொகை, ஒரே தவணை, ஒரே வட்டி என்று எல்லாத் தொழிலுக்கும் ஒரே அச்சில் வார்த்த கடனைக் கொண்டுவருபவர் நம் தொழிலை அறியாதவர். அல்லது அறிய விரும்பாதவர்.

அன்பர்களே, சிறு கடன் என்பது புதிய சரக்கன்று. அது பிறந்ததே ஓர் அனர்த்தத்தில்தான். 1846 இல் ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் விளைச்சல் பொய்த்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில் ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். வையர்புஷ் என்னும் ஊரின் நிருவாகத் தலைவராக இருந்த பிரீட்றிக் வில்ஹெல்ம் றைபைசன் வசதியுள்ளவர்களைக் கூட்டிப் பணம் திரட்டினார். ஒரு ரொட்டிச் சங்கம் அமைத்தார். வெதுப்பகம் ஒன்றும் கட்டுவித்தார். கையிற் காசில்லாதவருக்கு மாவும் ரொட்டியும் கடன் சீட்டின் பேரில் கொடுக்கப்பட்டன. விளைவு வந்தபின் திருப்பினால் போதும். மக்கள் திருப்பினார்கள். அதிலிருந்து கற்றதை வைத்துத்தான் 1864 இல் ஹெடஸ்டோர்வ் என்னும் ஊரில் அவர் கடன் சங்கத்தைத் தொடங்கினார். அந்த வழி 1904 இல் இந்தியாவின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமாகவும், 1911 இல் நமது நாட்டின் கட்டளைச் சட்டமாகவும் வந்து சேர்ந்தது. நம் ஊர்களின் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களும் அந்தப் பரம்பரையில் வந்தவையே.

அந்த ரொட்டிக் கடனின் தவணை எப்போது என்பதைக் கவனியுங்கள். விளைவு வரும்போது! அடுத்த செவ்வாய்க்கிழமை அன்று!

இப்பொழுது நம் வாசலுக்கு வரும் கடனைப் பார்ப்போம். கிழமைக்கு ஒரு தவணை. ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி தவறினால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு இலட்சம் ரூபா கடன்; வருடத்துக்கு நூற்றுக்கு 24 வட்டி; 52 கிழமைகளில் கட்டி முடிக்க வேண்டும். ஆக மொத்தம் 124,000 ரூபா. கிழமைக்கு 2,385 ரூபா. நூற்றுக்கு 24 என்றால் கொள்ளை வட்டி அன்று என்று உத்தியோகம் பார்க்கும் அன்பர்கள் சொல்லக்கூடும். ஆனால் அந்த ஒரு இலட்சம் அவள் கையில் வருடம் முழுவதும் இருப்பதில்லை. முதற் கிழமையிலிருந்தே முதல் தேயத் தொடங்குகிறது. வட்டியோ முழு முதலுக்கும் முழு வருடத்துக்கும் கணக்கிடப்பட்டுவிட்டது. தேய்ந்து செல்லும் நிலுவையின் மேல் கணக்கிட்டால் அது நூற்றுக்கு 40 ஐத் தாண்டும். இந்த வித்தியாசத்தை அவள் கைநாட்டுப் போடும் நாளில் யாராவது அவளுக்குச் சொன்னார்களா? சொன்னால் எந்த மொழியில் சொன்னார்கள்? ஒப்பந்தம் அவள் வாசிக்கக்கூடிய மொழியில் இல்லையென்றால் அது ஒப்பந்தமா என்று கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு, எனக்கும் உண்டு.

அமைதிக் காலத்தில் இந்தக் கிழமைத் தவணை ஓடுகிறது. கோழி முட்டையிடுகிறது, அப்பம் விற்கிறது, எப்படியோ 2,385 ரூபா சேர்கிறது. புயல் அடித்த கிழமையிலும் அதே 2,385 ரூபா. கோழி இல்லை, அடுப்பு இல்லை, தவணை மட்டும் இருக்கிறது. அவள் என்ன செய்கிறாள்? இன்னொரு நிறுவனத்தில் கடன் எடுத்து முதல் நிறுவனத்துக்குக் கட்டுகிறாள். அதற்கும் வழியில்லாவிட்டால் தாலிக்கொடி ஈட்டுக்குப் போகிறது. கடைசியில் மீற்றர் வட்டிக்காரன். நிவாரணப் பொதி பின்கதவால் வருகிறது. தவணை முன்கதவால் போகிறது. அனர்த்தத்துக்குப் பின் கொடுக்கப்படும் புதிய கடன், பழைய கடனின் பெட்டிக்குள் போய் விழுவது இவ்வாறுதான். அது ஒரு நாளும் தொழிலைத் தொடுவதில்லை.

வங்காளதேசத்தில் இது பெரிய அளவில் நடந்தது. 1998 இல் அந்நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் இரண்டு மாதங்களுக்கு மேல் வெள்ளத்தில் கிடந்தது. சிறு கடனுக்கு உலகப் புகழ் தேடிய கிராமின் வங்கி நல்லெண்ணத்தோடு புதிய கடன்களைக் கொடுத்தது. பழையதும் புதியதும் சேர்ந்து தவணை பெருத்தது. தாங்க முடியாத பெண்கள் மெல்ல மெல்லக் கிழமைக் கூட்டத்துக்கு வராமல் நின்றார்கள். அறவீடு தளர்ந்தது. அந்த வங்கி தன் முறையையே திருத்த நேர்ந்து, 2002 இல் அதை நிறைவேற்றியது. புதிய முறையில், தவணை தவறியவரைக் குற்றவாளியாக்காமல், தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டிக் கட்டுவதற்கு ஒரு மாற்றுப் பாதை ஒப்பந்தத்திலேயே வைக்கப்பட்டது. ஒரு வெள்ளம் ஒரு வங்கிக்குச் சட்டம் கற்பித்தது என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் நாட்டுக் கடன் கொடுப்போர் அதைக் கற்றார்களா? 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் மழை பொய்த்து வடக்கு, கிழக்கு, வடமத்தி முதலிய பகுதிகள் வரண்டன. அதன் பின்னர் 2018 இல் அரசாங்கம் ஒரு சலுகையை அறிவித்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களில், அவ்வாண்டு ஜூன் 30 ஆம் திகதியன்று மூன்று மாதங்களுக்கு மேல் நிலுவையில் இருந்தவை தள்ளுபடி செய்யப்படும் என்றார்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை எல்லாம் அந்தப் பன்னிரண்டில் அடக்கம். நல்லது. பசித்தவளின் சுமை குறைந்தால் நான் குறை சொல்லேன். ஆனால் அந்த நிபந்தனையைச் சட்டக் கண்ணால் பாருங்கள். மூன்று மாதம் கட்டாதவளுக்குச் சலுகை. நகையை விற்று, பிள்ளையின் படிப்பை நிறுத்தி, வேளைச் சோற்றைக் குறைத்து ஒழுங்காகக் கட்டியவளுக்கு ஒன்றுமில்லை. அவள் கேட்டாள்: "நான் கட்டியதுதான் என் பிழையா?" அந்தக் கேள்விக்கு அரசாங்கத்திடம் மறுமொழி இருக்கவில்லை.

இன்னொன்று. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வைப்புப் பணம் பெறும் நுண்நிதிக் கம்பனிகளை நோக்கி இயற்றப்பட்டது. வைப்புப் பெறாமல் கடன் மட்டும் கொடுப்பவன் அந்த வலையின் கண்ணுக்கு வெளியே நின்றான். வைப்பிட்டவனின் காசைக் காக்கச் சட்டம் விழித்தது. கடன் எடுத்தவளின் கழுத்தைக் காக்க அத்தனை விரைவு காட்டவில்லை. 2018 இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி இங்கு வந்து விசாரித்து, நூற்றுக்கு 220 வரை எட்டிய வட்டியைப் பற்றிப் பேசிச் சென்றார். 2021 இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் வீதியோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். முல்லைத்தீவுப் பெண்ணின் துன்பமும் ஹிங்குராக்கொடைப் பெண்ணின் துன்பமும் ஒரே தவணை அட்டையில் எழுதப்பட்டிருக்கின்றன. இந்த விடயத்தில் அவர்களோடு சேர்ந்து குரல் கொடுப்பதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கமக்காரப் பெரியவர் ஒருவர் சென்ற கிழமை என்னிடம் இதையே கேட்டார். "தம்பி, கடவுளே அள்ளிக்கொண்டு போன பிறகும் நான் கட்டத்தான் வேணுமோ?" கட்டத்தான் வேண்டும் என்பதே மறுமொழி. நமது பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தில், குறித்த ஒரு பொருளைத் தருவதாக உடன்பட்டவன், அவன் குற்றமின்றி அப்பொருள் அழிந்தால் விடுபடுவான். குறித்த ஒரு மாட்டைத் தருவதாகச் சொல்லி, அந்த மாடு வெள்ளத்தில் போனால் கடமையும் போய்விடும். காசு அப்படியன்று. காசு என்னும் வகை அழிவதில்லை என்பது சட்டத்தின் கொள்கை. உங்கள் காசு போயிருக்கலாம். உலகத்தில் காசு இருக்கிறது. தேடிக் கொண்டுவந்து கட்டுங்கள் என்கிறது சட்டம்.

ஆனால் அதே சட்டத்தின் பழைய ஏடுகளைப் புரட்டினால் வேறு இரண்டு ஏற்பாடுகள் கண்ணிற்படுகின்றன. முதலாவது குத்தகைக் கழிவு. குத்தகைக்கு எடுத்த நிலத்தின் விளைவு, எதிர்த்து நிற்க முடியாத சக்தியால் அழிந்தால், குத்தகைக்காரன் கூலியைக் குறைக்கும்படி கேட்கலாம். உரோமச் சட்ட அறிஞர்கள் அதற்கு உதாரணமாக ஆற்று வெள்ளத்தையும், பயிரைத் தின்னும் பறவைக் கூட்டத்தையும், பகைவரின் படையெடுப்பையும் எழுதிவைத்தார்கள். வன்னியில் பிறந்திருந்தால் யானையையும் சேர்த்திருப்பார்கள். அடுத்து வரும் ஆண்டுகள் அமோகமாக விளைந்தால், விட்டுக்கொடுத்த கூலியை நிலக்காரன் திரும்பக் கேட்கலாம் என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். இருபுறமும் நீதி! இல்லாதபோது பொறுப்பது, உள்ளபோது பெறுவது.

இரண்டாவது கடற்கடன். கப்பல் வியாபாரிக்குக் கொடுக்கும் கடன். கப்பல் பத்திரமாகத் துறை சேர்ந்தால் மட்டுமே திருப்ப வேண்டும். கடலில் மூழ்கினால் கடனும் மூழ்கியது. ஆபத்தைக் கடன் கொடுத்தவன் சுமப்பதனால் அவனுக்கு அதிக வட்டி வாங்க அனுமதி இருந்தது. ஜஸ்டீனியன் சக்கரவர்த்தி பொதுவான வட்டியைக் குறைத்தபோதும் கடற்கடனுக்கு நூற்றுக்கு 12 வரை விட்டுவைத்தான். இதிலிருந்து நான் எடுக்கும் நியாயம் எளிது. அதிக வட்டி வாங்குபவன் ஆபத்தில் பங்கு கொள்ள வேண்டும். ஆபத்தில் பங்கில்லை என்றால் அதிக வட்டிக்கு உரிமையில்லை. நம் வாசலுக்கு வரும் நுண்கடன்காரர் கடற்கடனின் வட்டியை மும்மடங்காக வாங்குகிறார். கப்பல் மூழ்கினால் அவருக்கென்ன என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய உரோமாபுரியில் இது செல்லாது.

எதிர்பாராத ஆபத்துக்கு ஒப்பந்தத்தில் எப்படி இடம் வைப்பது என்று கேட்கிறார்கள். எதிர்பாராததா? தேதிகளைச் சொல்கிறேன். தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் தாக்கிய புயல் 1964 டிசம்பர். மட்டக்களப்பைத் தரைமட்டமாக்கிய புயல் 1978 நவம்பர். யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் மூழ்கடித்த நிஷா 2008 நவம்பர். டித்வா 2025 நவம்பர். கடற்கோளைக் கணக்கில் சேர்க்கவில்லை, அதற்குப் பருவமில்லை. மற்றவை எல்லாம் வடகீழ்ப் பருவ மழையோடு வருபவை. அதே மாதங்களில்தான் காலபோகப் பயிர் வயலில் நிற்கிறது. கமக்காரன் வாங்கிய கடன் முழுவதும் விதையாகவும் பசளையாகவும் உழவுக் கூலியாகவும் மண்ணுக்குள் கிடக்கிறது. ஒரு சதமும் திரும்பிவரத் தொடங்கவில்லை. அந்த வேளை பார்த்தே அடி விழுகிறது. மாதம் தெரிந்த ஆபத்தை எழுதாமல் விட்ட ஒப்பந்தம், வேண்டுமென்றே எழுதாமல் விட்ட ஒப்பந்தம்.

ஆகவே என் முதலாவது கோரிக்கை ஒப்பந்தத்தைப் பற்றியது. அரசாங்கம் ஒரு பிரதேச செயலாளர் பிரிவை அனர்த்தப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்திய நாளிலிருந்து, அப்பிரிவில் வாழ்பவரின் தொழிற் கடன் தவணைகள் தாமாகவே நிற்க வேண்டும். விண்ணப்பம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம், அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். நின்ற காலத்துக்கு வட்டிக்கு வட்டி ஏறக்கூடாது. வட்டி முதலை விஞ்சலாகாது என்ற பழைய உரோமன் டச்சு விதியும் சிறு கடன் ஒவ்வொன்றிலும் எழுதப்பட வேண்டும். எவ்வளவு காலம் நிற்பது என்பதைத் தொழில் தீர்மானிக்கட்டும். கடைக்காரருக்கு மூன்று மாதம் போதும். நெல் விதைத்தவருக்கு அடுத்த அறுவடை வரை வேண்டும். தென்னை விழுந்தவருக்கு? நட்ட பிள்ளை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அவருக்குக் கடன் என்று பேசுவதே தவறு. இடைக்கால வருமானத்துக்கு வேறு வழி காட்ட வேண்டும். 1978 இன் பின் மட்டக்களப்புக் கரையில் தோப்பிழந்தவர்கள் இதை எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத அளவுக்கு அறிவார்கள்.

இரண்டாவது, ஒழுங்குமுறை. முன்னே கொடை, பின்னே கடன். இழந்ததை ஈடு செய்வதற்குக் கடன் கொடுப்பது நியாயமன்று. இழந்த வள்ளத்துக்குக் கடன் எடுத்து வள்ளம் வாங்கினால், ஒரே வள்ளத்துக்கு இருமுறை காசு கொடுத்தவனாகிறான். தொழிலின் அடிப்படை ஆயுதத்தைக் கொடையாகக் கொடுங்கள்; அதை இயக்கும் நடைமுறை முதலுக்குக் கடன் கொடுங்கள். கடற்கோளின் பின் மத்திய வங்கி 'சுசஹன' என்ற பெயரில் நூற்றுக்கு 6 வட்டியில், முதலாண்டு தவணைச் சலுகையோடு, கடன் திட்டமொன்றை நடத்தியது. வட்டி நியாயமானது; சலுகைக் காலமும் இருந்தது. ஆனால் பிணையும் பதிவும் வங்கிக் கணக்கும் உள்ளவருக்கே வங்கிக் கடன் எட்டும் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்ணிடம் வியாபாரப் பதிவுச் சான்றிதழைக் கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்?

கொடையிலும் கண்மூடித்தனம் நடந்தது. கடற்கோளின் பின் தர்ம ஸ்தாபனங்கள் போட்டி போட்டு வள்ளங்களைக் கொடுத்தன. சில துறைகளில் முன்னிருந்ததிலும் கூடுதலான வள்ளங்கள் சேர்ந்தன. சிலவற்றுக்கு இயந்திரம் இல்லை. சிலவற்றுக்கு வலை இல்லை. சில வள்ளங்கள் கடலுக்கே உதவாதவை. கரையில் இருந்த சம்மாட்டியையோ, கூட்டுறவுச் சங்கத்தையோ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எத்தனை வள்ளம், எத்தனை குதிரைவலு, எந்தக் கண்ணளவில் வலை என்று அரை மணி நேரத்தில் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது கோரிக்கை, நீங்கள் அதிகம் கேள்விப்படாதது. வங்காளதேசத்தில் பிராக் என்னும் பெரிய நிறுவனம் ஒரு சோதனை செய்தது. நல்ல முறையில் கடன் கட்டியவர்களுக்கு, வெள்ளம் வருமுன்பே, "ஆறு அபாய மட்டத்தைத் தாண்டினால் இவ்வளவு தொகை உங்களுக்குத் தயாராக உண்டு" என்று வாக்குக் கொடுத்தது. வெள்ளம் வந்தபோது அது உதவியது என்பது எதிர்பார்த்ததே. வெள்ளம் வருமுன்பே நடந்த மாற்றம்தான் என்னைக் கவர்ந்தது. விழுந்தால் பிடிக்க ஒரு கை உண்டு என்று தெரிந்த கமக்காரர்கள் அந்தப் போகத்தில் கூடுதலான நிலத்தை விதைத்தார்கள், துணிந்து முதலிட்டார்கள். வாக்கு மட்டுமே விளைச்சலைக் கூட்டிற்று! இதை இங்கு செய்யத் தடை என்ன? நமது குளங்களுக்கு வான் கதவும் நீர்மட்ட அளவும் உண்டு. நீர்ப்பாசனத் திணைக்களம் அதை அளக்கிறது. இரணைமடுவின் நீர்மட்டம் யாருடைய சிபாரிசுக்கும் கூடிக் குறைவதில்லை.

இங்கே கூட்டுறவு அன்பர்கள் எழுந்து, "இவை எல்லாவற்றையும் எங்கள் சங்கம் செய்யுமே" என்று சொல்லக்கூடும். செய்ய வேண்டும் என்பதே என் ஆசை. வட்டி ஊருக்குள் நிற்கும். கடன் எடுப்பவளை அறிந்தவர்கள் கடன் கொடுப்பார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை சொல்லாமல் இருக்க முடியாது. ஓர் ஊர்ச் சங்கத்தின் பலம் அயலவர் ஒருவரையொருவர் தாங்குவது. ஒருவன் வீட்டில் நோய் வந்தால் மற்றவர்கள் தாங்கலாம். ஊர் முழுவதும் ஒரே இரவில் மூழ்கினால் யார் யாரைத் தாங்குவது? கடன் எடுத்தவரும் வைப்பிட்டவரும் ஒரே கூரையின் மேல் நின்று படகை எதிர்பார்த்திருப்பார்கள். அந்தக் கிழமை எல்லோரும் வைப்பை மீளக் கேட்பார்கள். எவரும் தவணை கட்ட மாட்டார்கள். றைபைசன் இதை உணர்ந்துதான் ஊர்ச் சங்கங்களோடு நில்லாமல், 1876 இல் அவற்றுக்கு மேலே ஒரு மத்திய கடன் நிலையத்தை நோய்வீட் நகரில் அமைத்தார். ஒரு பள்ளத்தாக்கு நனைந்தால் மற்றப் பள்ளத்தாக்கின் காசு வந்து சேரும். நமக்கும் அது வேண்டும். மட்டக்களப்பு மூழ்கும் வருடத்தில் யாழ்ப்பாணத்தின் வைப்பும், யாழ்ப்பாணம் மூழ்கும் வருடத்தில் மட்டக்களப்பின் வைப்பும் அசையக்கூடிய ஒரு பொது ஒதுக்கு நிதி. டித்வா போல எல்லா மாவட்டங்களையும் ஒருங்கே அடிக்கும் புயலுக்கு அதுவும் போதாது. அப்போது திறைசேரிதான் பொறுப்பேற்க வேண்டும். வைப்புப் பணத்தின் மேல் அரசாங்கம் அனர்த்தக் கடனுக்கு உத்தரவாதம் எழுதித் தருவது பெரிய செலவன்று. இழப்பு வந்தால்தான் செலவு.

இவ்விடத்தில் கற்றவர்களுக்கு ஒன்று. கணக்காளரும் ஆசிரியரும் வங்கி உத்தியோகத்தரும் இச்சபையில் அதிகம் இருக்கிறீர்கள். ஊர்ச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை மாதத்தில் ஒரு நாள் பார்ப்பதற்கு எத்தனை பேர் போகிறீர்கள்? மேடையில் பேச அழைத்தால் வருகிறீர்கள். கணக்குப் பார்க்க அழைத்தால் வேலை இருக்கிறது. பல சங்கங்கள் வெள்ளத்தில் போகவில்லை. பார்க்க ஆளில்லாத புத்தகத்தில் போயின. கடுமையாகப் பேசுவதாக நினைத்தால் மன்னிக்கவும்.

கடன் எடுத்திருக்கும் தாய்மாருக்குச் சில வார்த்தைகள் சட்டத்தரணியாகச் சொல்கிறேன். எழுதப்படாத கடதாசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். வங்கி அட்டையையும் அடையாள அட்டையையும் பிணையாகக் கொடுக்காதீர்கள். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அட்டையில் அவர் போடும் கீறல் பற்றுச்சீட்டன்று. இரவில் வாசலில் வந்து நின்று மிரட்டுவது அறவீடு அன்று, குற்றம். பொலிசில் முறைப்பாடு பதியலாம். உங்களுக்குக் கட்ட முடியாத நிலை வந்தால் ஒளியாதீர்கள். கட்ட முடியாத காரணத்தையும், எப்போதிலிருந்து எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாளை நீதிமன்றத்தில் அந்தத் தபால் சிட்டை பேசும். வெள்ளத்தில் கடன் அட்டையே போய்விட்டது என்பவர்கள், நிறுவனத்திடம் கணக்குக் கூற்றை எழுத்தில் கேளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் இரண்டு பேரைத் தெரிந்து, டித்வாவின் பின் தொழில் இழந்தவர்களின் பட்டியலை எடுக்கப்போகிறோம். பெயர், தொழில், இழந்த கருவி, இழந்த சரக்கு, புயலுக்கு முன் எடுத்த கடன், அதன் தவணை, கொடுத்த நிறுவனம் ஆகிய ஏழு நிரல்களும் அதில் இருக்கும். வீட்டு இழப்பை அரசாங்கம் எண்ணிக்கொள்ளட்டும். தொழில் இழப்பை நாங்கள் எண்ணுவோம். படிவங்களை வாசலில் உள்ள மேசையில் தம்பிமார் வைத்திருக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் ஐந்து ஐந்தாக எடுத்துச் செல்லுங்கள். அயல்வீட்டுக்காரருக்கு நிரப்பிக் கொடுங்கள். கடன் ஒப்பந்தப் பிரதி இருப்பவர்கள் அதை இன்றே என்னிடம் காட்டலாம். கூட்டம் முடிந்தபின் இருட்டும் வரை இங்கேயே இருப்பேன்.